கள்ளப்பாட்டில் இருந்து வந்த மூன்று கேள்விகள்

இருபது வருடத்துக்கு முன் என்னிடம் பௌதிகம் படித்த பெண்பிள்ளை ஒருவர் இப்போது முல்லைத்தீவுக் கள்ளப்பாட்டில் இருக்கிறார். போன கிழமை இப்படி எழுதியிருந்தார்:

"சேர், ஒரே கிழமையில ரெண்டு செய்தி பாத்தன். கான்சருக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சாச்சாம். நிலம் ஒரு சென்ரிமீற்றர் அசைஞ்சாலும் பிடிக்கிற செய்மதியை இந்தியா அனுப்பீற்றுதாம். அம்மா முப்பது வருசமா வெத்திலை போடுறா. கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு படலம் இருக்கு. நோகேல்லைத்தானே எண்டு காட்ட வரமாட்டன் எண்டுறா. அந்த ஊசி வந்தா அவவுக்குப் போடலாமா? அந்தச் செய்மதி இருந்தா இனிச் சுனாமி முதலே தெரிய வருமா? சின்னவ ஆறாம் வகுப்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஊசிக்கெண்டு பள்ளிக்கூடத்தில படிவம் தந்திருக்கினம். கையெழுத்து வைக்கலாமா?"

முதலில் அம்மாவின் வாய். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், இது அப்படியில்லை. முப்பது வருடம் வெற்றிலை போட்ட வாயில் வெள்ளைப் படலம் என்றால் இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போம். நோகவில்லை என்பதை வைத்து ஆறுதல்பட முடியாது. இந்தப் படலங்களில் பெரும்பாலானவை நோகாது. எல்லாம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. மாறக்கூடியது எது என்று பழகிய கண்ணால் பார்த்தும், தேவைப்பட்டால் சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியும்தான் சொல்லலாம். வெள்ளையோடு சிவப்பும் கலந்திருந்தாலோ, இரண்டு மூன்று கிழமை கடந்தும் ஆறாத புண் இருந்தாலோ, வாய் முன்போல அகலத் திறக்காமல் உறைப்புப் பட்டவுடன் எரிந்தாலோ இன்னும் அவசரம்.

"நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று அம்மா சொல்லுவா. வன்னியில் இதைச் சொல்லாத கிழவி இல்லை. உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே பாக்கைத் தனியாக எடுத்துப் பார்த்து, புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்று முதலாம் வகுப்பில் போட்டுவிட்டது. சிகரெட் இருப்பதும் அதே வகுப்பில்தான். இலங்கை ஆண்களிடம் வேறெந்தப் புற்றுநோயையும் விட வாய்ப்புற்றுநோய்தான் அதிகம்.

என் பெரியப்பாவின் கதையை உமக்குச் சொல்ல வேண்டும். புதுக்குடியிருப்பில் இருந்தவர். பல் ஆடத் தொடங்கிய பிறகு சின்னப் பித்தளை உரலில் இடித்துத்தான் வெற்றிலை போடுவார். விடியற்காலையில் திண்ணையில் அந்த உரல் சத்தம் கேட்டால்தான் வீட்டில் தேத்தண்ணிக்குக் கேத்தல் ஏறும். ஒருமுறை நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. உடைந்த பல் உரசுகிறது என்று தானே முடிவு கட்டினார். ஒரு தனியார் மருந்தகத்தில் பூசுகிற மருந்தும் விற்றமின் குளிசையும் கொடுத்தார்கள். நாலு மாதம் அதையே திரும்பத் திரும்ப வாங்கினார். அந்த நாலு மாதத்தில் ஒருவரும் அவருடைய வாயைத் திறந்து பார்க்கவில்லை, நான் உட்பட. கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி தெரிந்த பிறகுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். பரந்தனில் ஒரு பஸ், யாழ்ப்பாணத்தில் இன்னொரு பஸ். எச்சில் துப்புவதற்கென்று ஒரு வெற்றுப் போத்தலைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் இருந்தார். சிகிச்சை எல்லாம் செய்தார்கள். பதினாலு மாதம் இருந்தார். முதல் மாதமே போயிருந்தால் நாக்கில் சின்னத் துண்டு வெட்டுவதோடு அலுவல் முடிந்திருக்கலாம். வாய்ப்புற்றுநோயை அது தொடங்கிய இடத்திலேயே பிடித்தால் பத்தில் எட்டுப் பேராவது ஐந்து வருடம் தாண்டுவார்கள்.

நான் வைத்தியன் இல்லை, ஓய்வு பெற்ற பௌதிக வாத்தியார். ஆனாலும் பெரியப்பாவுக்குப் பிறகு இந்த ஆராய்ச்சிகளை விடாமல் படித்துக்கொண்டு வருகிறேன். என்னைக் கேட்டால், வாய்ப்புற்றுநோயில் எங்களுக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி அமெரிக்காவில் நடந்ததல்ல. திருவனந்தபுரத்துக் கிராமங்களில் நடந்தது. 1996 இல் வைத்தியர் சங்கரநாராயணனின் குழு 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்தது. ஏறத்தாழ ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர். பாதி ஊர்களில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், மற்ற ஊர்களில் வழமைபோல விட்டார்கள். போனவர்கள் வைத்தியர்களும் அல்ல. பயிற்சி கொடுத்த பட்டதாரிப் பிள்ளைகள். கையில் இருந்தது வெளிச்சம் மட்டும். 2005 இல் முடிவு வந்தபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 வீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. அதாவது எல்லாருடைய வாயையும் பார்த்துத் திரிய வேண்டியதில்லை. போடுகிறவர், குடிக்கிறவர், புகைக்கிறவர் வாயைத் தேடிப் போய்ப் பார்த்தால் உயிர் மிஞ்சும். அதற்கும் முன்னர், 1980களில், இங்கே இலங்கையிலேயே கிராமத்துச் சுகாதார ஊழியர்களை வைத்து இதைச் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

வைத்தியரிடம் போவதற்கு முதல் நீரே ஒருமுறை பாரும், அம்மாவுக்கும் பயம் தெளியும். வெளிச்சமான இடத்தில் இருத்தி, பல் கட்டியிருந்தால் கழற்றச் சொல்லும். கைபேசியின் டோர்ச் லைற் போதும். இரண்டு கன்னத்தின் உட்பக்கம், கீழுதட்டுக்குள், முரசு, அண்ணம், நாக்கை நீட்டச் சொல்லி இரண்டு ஓரமும், பிறகு நாக்கை மேலே மடிக்கச் சொல்லி அதன் அடிப்பக்கம். அந்த அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் மறப்பது. கண்டதைப் படம் எடுத்துத் திகதியோடு வையும். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் பயணத்தை நிற்பாட்ட வேண்டாம்.

சரி, அந்த ஊசி. ரஷ்யா புற்றுநோய்த் தடுப்பூசியை இலவசமாகக் கொடுக்கப்போகிறது என்று 2024 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறிவிப்பு வேறு, மனிதரில் செய்து பார்த்து வெளியிட்ட முடிவு வேறு. வெளியிட்ட முடிவுகளில் நம்பிக்கை தருபவை உண்டு, ஆனால் அவை நீர் நினைக்கிற தடுப்பூசி அல்ல. அம்மை ஊசிபோல வருத்தம் வராதவருக்கு முன்கூட்டிப் போடுவதல்ல அது. வந்தவருக்கு, கட்டியை வெட்டி எடுத்த பிறகு, அது திரும்ப வராமல் தடுக்கப் போடுவது. அதுவும் கடையில் வாங்குகிற சட்டை இல்லை, அளவெடுத்துத் தைக்கிற சட்டை. ஒருவரின் கட்டியை எடுத்து, அதன் மரபணுவில் அவருக்கே உரிய பிழைகள் எவை என்று படித்து, அதிகபட்சம் 34 அடையாளங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைக் கலங்களுக்குச் செய்தி கொண்டுபோகிற எம்.ஆர்.என்.ஏ. என்ற இழையில் எழுதி ஊசியாகத் திரும்ப அவருக்கே போடுகிறார்கள். உடம்பின் காவல்காரருக்குத் தேடப்படுபவரின் படத்தைக் கொடுத்து அனுப்புவது போல. மொடேர்னா, மேர்க் நிறுவனங்களின் ஆய்வில் தோலில் வரும் மெலனோமா நோயாளர் 157 பேர் இருந்தார்கள். ஊசியும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, அந்த மருந்தை மட்டும் எடுத்தவர்களை விட, நோய் திரும்புவதோ இறப்பதோ மூன்று வருட முடிவில் 49 வீதம் குறைவு. கணையப் புற்றுநோயில் இதே மாதிரியான ஊசியை 16 பேருக்குப் போட்டதில் எட்டுப் பேரின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டது; மூன்று வருடம் கடந்தும் அந்த எட்டில் ஆறு பேருக்கு நோய் திரும்பவில்லை. பதினாறு பேர் என்பது ஒரு பஸ்சின் பாதி. கணையப் புற்றுநோயின் கொடுமை தெரிந்தவருக்கு அந்த ஆறு பெரிய எண்தான், ஆனால் அதை வைத்துக் கொடி ஏற்ற முடியாது.

அம்மாவுக்கு அந்த ஊசி தேவைப்படாத நிலையில் அவவை வைத்திருப்பதுதான் இப்போது உம்முடைய வேலை.

ஊசியை விட எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான ஓர் ஆய்வைப் பேப்பர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் செய்தது. முற்றிப்போன தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்கு நிவோலுமாப் என்ற மருந்து கொடுப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் புற்றுநோய் போட்டு வைத்த தடையைத் தளர்த்துவது. 2018 இல் அலிசனுக்கும் ஹொன்ஜோவுக்கும் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பின் வழியில் வந்தது. வழமையான அளவு இரண்டு கிழமைக்கு 240 மில்லிகிராம். விலையைக் கேட்டால் தலை சுற்றும், வீடு வளவு விற்றாலும் போதாது. அவர்கள் மூன்று கிழமைக்கு 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மூன்று குளிசைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 151 பேர். குளிசை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 வீதம். அந்தத் துளி மருந்தும் சேர்த்தவர்களில் 43 வீதம். இது குணமாக்கிய கதை அல்ல, நாளைக் கூட்டிய கதை. ஆனால் "எவ்வளவு கொடுத்தால் போதும்?" என்ற கேள்வியைக் காசில்லாத நாடுதான் கேட்கும். மருந்து விற்கிறவன் கேட்க மாட்டான்.

இனி நிலத்துக்கு வருவோம். இரண்டும் இரண்டு உலகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, இரண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது: பெரிய இரைச்சலுக்குள் மெல்லிய சத்தம் ஒன்றைப் பிரித்துக் கேட்பது.

வயல் காலத்தில் உம்முடைய வீட்டு லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சத்தம் ஊரிலுள்ள பத்து லான்மாஸ்டருக்குள்ளும் உமக்குத் தெரியும், இல்லையா? சத்தத்தின் வடிவம் காதில் பதிந்திருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் நில அதிர்வு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். ஏற்கெனவே பிடிபட்ட அதிர்வுகளின் வடிவத்தை எடுத்து, 2008 முதல் 2017 வரையான பத்து வருடப் பதிவுகளின்மேல் ஒவ்வொரு விநாடியாக நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று கணினியைத் தேட விட்டார்கள். முன்பு தெரிந்ததைப் போலப் பத்து மடங்கு கிடைத்தது: 18 இலட்சம் அதிர்வுகள், ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒன்று. 2019 இல் வெளிவந்தது. அந்த அதிர்வுகள் எல்லாம் பதிவில் ஏற்கெனவே கிடந்தவைதான். கேட்கத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது இரத்தத்துக்கு வாரும். கட்டியில் சாகும் கலங்கள் தங்கள் மரபணுத் துணுக்குகளை இரத்தத்தில் விடுகின்றன. ஆரோக்கியமான கலங்களின் துணுக்குகள் கோடிக்கணக்கில் மிதக்கிற இடத்தில் இவை ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டின் வடிவத்தைத் தேடிப் பிடிக்கிற பரிசோதனை இன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த 455 பேரில், ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் துணுக்கு தெரிந்தால் மட்டும் கீமோ கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழமைபோல வைத்தியர் தீர்மானித்தார். வழமையான பக்கத்தில் 28 வீதமானோர் கீமோ எடுத்தார்கள், இரத்தம் பார்த்த பக்கத்தில் 15 வீதமானோர்தான். நோய் திரும்பியது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வழமைப்படி கீமோ எடுத்திருக்கக்கூடியவர்களில் பாதிப் பேர் அளவில் அது இல்லாமலே தப்பினார்கள். புது மருந்து ஒன்றும் இல்லாமல், நன்றாகக் கேட்டதால் மட்டும் கிடைத்த நன்மை இது.

கருவிகளும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்குகின்றன. பாறை எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகமாகக் குறுக்கலை அதற்குள் ஓடும் என்று உமக்குப் படிப்பித்திருக்கிறேன். அதே விதிதான் மார்பில் தெரியும் கட்டி எவ்வளவு கடினம் என்று பார்க்கும் ஸ்கானுக்குள்ளும் இருக்கிறது. மெல்லிய அலை ஒன்றை உள்ளே அனுப்பி அதன் வேகத்தை அளக்கிறார்கள். எண்ணெய் தேடுகிறவர்கள் பூமிக்குள் படம் எடுக்கப் பாவித்த கணக்கை வைத்து, மூளையையும் ஒலியால் படம் பிடிக்கலாம் என்று 2020 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று கணினியில் காட்டியது. ஒட்டுசுட்டானில் எங்கள் வளவில் குழாய்க் கிணறு அடிக்க முதல் நாலு இரும்புக் குத்தியை நட்டு, பற்றரியால் மின்சாரம் விட்டு, நிலத்தின் தடையை அளந்த பெடியனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன்தான். முதல்நாள் உள்ளங்கையில் தேங்காயை வைத்துத் தண்ணீர் பார்த்தவர் காட்டிய இடத்துக்கு இருபது அடி தள்ளி அவன் அடையாளம் வைத்தான். தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் தங்களுடைய வெற்றி என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

நீர் கேட்ட செய்மதி நிசார். அமெரிக்காவின் நாசாவும் இந்தியாவின் இஸ்ரோவும் சேர்ந்து செய்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அனுப்பினார்கள். அதில் இருப்பது கமரா அல்ல, ராடர். இரவு, மேகம், மழை எதுவும் அதைத் தடுக்காது. ஒரே இடத்துக்கு 12 நாளில் திரும்ப வந்து அதே கோணத்தில் பார்க்கும். முதல் தடவை திரும்பி வந்த அலையையும் அடுத்த தடவை வந்த அலையையும் பொருத்திப் பார்த்தால், இடையில் நிலம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தாலும் அலையின் ஏற்ற இறக்கம் விலகி நிற்கும். அதன் ஒரு ராடரின் அலைநீளம் 24 சென்ரிமீற்றர். இது எங்களுக்கு முக்கியம். குறுகிய அலை மரத்தின் இலையில் பட்டே திரும்பிவிடும், நீண்ட அலை வன்னிக் காட்டின் இலைகளுக்குள்ளால் புகுந்து நிலம் வரை போகும்.

ஆனால் சுனாமிக்கு அது உதவாது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறவர் இரண்டு மணித்தியாலத்தில் வரும் கடலைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அது குளக்கட்டுகளுக்கு உதவும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்த இரவு உமக்கு நினைவிருக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. எந்த ஊர் மூழ்கியது, எது தப்பியது என்று விடியும் வரை யாருக்கும் தெரியாது. மேகம் மூடிய அந்த மாதிரி நேரத்தில் அது எங்கள் மேலால் போனால், நீர் பரந்த இடத்தை ராடர் கறுப்பாகக் காட்டித்தரும். கட்டு மெல்ல இறங்குகிறதா, எந்த வயலில் நிலம் காய்ந்திருக்கிறது என்பதும் காலப்போக்கில் தெரியவரும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அதைத் தொடர்ந்து பார்க்க ஒருவர் இருந்தால்.

சுனாமிக்குக் காது வேறு. 2004 பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை, அன்றைக்கு நீர் அந்தக் கரையில் நின்ற பிள்ளை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த நேரக் கணக்குத்தான். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகில் நிலம் உடைந்தது. பாறைக்குள்ளால் வந்த அலை நாலு நிமிடம் அளவில் கண்டிப் பக்கம் பல்லேகலையில் இருந்த கருவிக்கு எட்டியிருக்கும். ஆழக்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய தண்ணீர் எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். கருவிக்குத் தெரியும், கள்ளப்பாட்டுக்குத் தெரியாது. இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. ஹவாயில் இருந்த சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் கணக்கில் நிலநடுக்கத்தின் அளவை 8.0 என்றுதான் போட்டது. உண்மையில் 9.1.

பெரிய நிலநடுக்கத்தை முதல் நிமிடங்களில் குறைத்து மதிப்பிடுவது பழைய வருத்தம். 2011 இல் யப்பானிலும் அதுதான் நடந்தது: முதல் கணக்கு 7.9, உண்மையில் 9 அளவில். இதற்கு ஒரு வழியை 2022 இல் பிரான்சுக் குழு ஒன்று காட்டியது. எனக்கு மிகப் பிடித்த ஆராய்ச்சி இது. பெரிய பாறைத் திணிவு இடம்மாறும்போது அந்த இடத்தின் ஈர்ப்பு மிக மிகச் சிறிதாக மாறும். அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவும். அதிர்வலை வந்து சேர்வதற்கு முன்னமே கருவியின் கோட்டில் ஒரு சின்ன நெளிவு விழும். மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத அந்த நெளிவைக் கணினிக்குப் பழக்கி, உண்மையான அளவை நிமிடக் கணக்கில் சொல்ல வைத்தார்கள். பிறகு, கடலுக்கடியில் கிடக்கும் இன்ரநெற் கேபிளும் காதாகிவிட்டது: கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளியை அனுப்பினால் நிலம் அசைந்த இடத்தில் அது சற்றே மாறித் திரும்பும். கலிபோர்னியாவில் மொன்டரே விரிகுடாவில் 20 கிலோமீற்றர் கேபிளை இப்படிப் பாவித்துப் பார்த்த முடிவு 2019 இல் வெளிவந்தது.

இடையில் ஒன்று. 2023 செப்டெம்பரில் உலகம் முழுக்க உள்ள கருவிகளில் 92 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு முனகல் ஒன்பது நாள் தொடர்ந்து கேட்டது. அணுகுண்டா, எரிமலையா என்று தலையைப் பிய்த்தார்கள். கடைசியில் கிறீன்லாந்தில், அடியில் பனிப்பாறை மெலிந்ததால் மலையின் ஒரு பக்கம் சரிந்து ஒரு ஒடுங்கிய கடற்கழிக்குள் விழுந்திருந்தது. 200 மீற்றர் உயர அலை எழும்பியது. பிறகு அந்தக் கழியின் தண்ணீர், கிணற்றடியில் தூக்கி வைத்த வாளித் தண்ணீர் தளம்புவது போல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஒன்பது நாள் தளம்பியது. 15 நாடுகளைச் சேர்ந்த 68 பேர் சேர்ந்து ஒரு வருடத்தில் அவிழ்த்த முடிச்சு. எங்களுக்கு ஒரு பயனும் இல்லாத செய்திதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் காலடி நிலத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 2024 ஜூன் 18 இரவு வவுனியாவில் கட்டில் ஆடியது என்று எல்லாரும் முற்றத்துக்கு ஓடிவந்த அதிர்வின் அளவு 2.3. சுமாத்திராவின் 9.1 வெளிவிட்ட சக்தி வவுனியாவின் இந்த 2.3 ஐப் போல ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு கோடி மடங்கு. வன்னிக்கு அடியில் கிடப்பது ஏறத்தாழ நூறு கோடி வருடப் பழைய கடும்பாறை. புவியியலாளர்கள் அதற்கு வைத்த பெயரே "வன்னித் தொகுதி". எங்கள் பெயரில் உலகம் ஒரு பாறையை அழைப்பது எனக்குச் சின்னப் பெருமை. எங்களுக்கு ஆபத்து கடலில் இருந்து, காலடியில் இருந்து அல்ல.

அந்தக் கடலுக்கு 2011 இலிருந்து எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது. இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் கணக்குப் பார்த்து அனுப்புகின்றன. இங்கே வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஊருக்குச் சொல்ல வேண்டும். 117 என்ற இலக்கத்தைக் கைபேசியில் போட்டு வையும். 2012 ஏப்ரல் 11 அன்று இதே சுமாத்திராப் பக்கம் 8.6 வந்தது. எச்சரிக்கை வந்தது, சனம் ஓடியது, கடல் பேசாமல் இருந்தது. "சும்மா ஓட்டினவங்கள்" என்று ஏசியவர்கள் உம்முடைய ஊரிலும் இருப்பார்கள். அன்றைக்கு நிலத் தட்டுகள் பக்கவாட்டில் உரசின. கடலின் அடித்தளம் மேலே கிளம்பவில்லை, தண்ணீரும் எழும்பவில்லை. முதல் நிமிடங்களில் அதைப் பிரித்தறிவது கடினம். வீணாக ஓடிய ஓட்டத்துக்கு விலை ஒரு பின்னேரம்.

ஆனால் எல்லா வீண் எச்சரிக்கையும் அவ்வளவு மலிவில்லை. நன்றாகக் கேட்பது எப்போதும் நல்லது என்று நான் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவில் கழுத்தை ஸ்கான் பண்ணிப் பார்ப்பது மலிவாகிப் பரவியது. 1993க்கும் 2011க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் வீதம் 15 மடங்காகியது. அதனால் இறந்தவர்களின் வீதம் மாறவே இல்லை. ஒருநாளும் தொந்தரவு தந்திராத சின்னக் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தை வெட்டி, வாழ்நாள் முழுக்கக் குளிசை போடுகிறார்கள். கலிபோர்னியாவின் 18 இலட்சம் அதிர்வுக்கும் ஒவ்வொரு தடவை சைரன் ஊதினால் எப்படியோ அப்படி. ஒரு துளி இரத்தத்தில் ஐம்பது புற்றுநோய் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்தால், கொழும்புக்குக் காசு கட்ட முதல் இதை யோசியும். அம்மாவின் விடயம் அப்படியானதல்ல. பார்க்க டோர்ச் லைற்றும் பத்து நிமிடமும் போதும், அரச ஆஸ்பத்திரியில் காசும் இல்லை, முப்பது வருடப் பாக்கு என்ற காரணமும் கண்முன்னே இருக்கிறது.

வர மறுக்கிறா என்றால் புற்றுநோய் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "பல் காட்டி வருவம் வாங்கோ அம்மா" என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. வெற்றிலையை அன்றைக்கே நிற்பாட்டு என்று சண்டை பிடிக்கவும் வேண்டாம். முதலில் வாய் திறக்கட்டும்.

சின்னவவின் படிவத்துக்கு யோசிக்கவே வேண்டாம். நிசமான தடுப்பூசி அதுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே ஒரு வைரசால் வருவது; அந்த வைரசை உடம்பில் குடியேற விடாமல் தடுப்பதுதான் இந்த ஊசி. இலங்கையில் 2017 இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் இதைப் போட்ட தலைமுறையில் அந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைந்ததை 2021 இல் கணக்குக் காட்டினார்கள். பிள்ளை பெறுவதற்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் காதில் போடாதேயும். கையெழுத்தை வைத்து நாளைக்கே கொடுத்துவிடும். உமக்கும் இப்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கும். பெண்களின் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் என்று உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளும்; அம்மாவைப் பல் வைத்தியரிடம் கொண்டுபோகிற நாளும் அதுவும் ஒன்றாக அமைந்தால் ஒரே ஓட்டோக் காசில் இரண்டு பேரும் போய் வரலாம்.